ஆவியான பின்னும்

பேராசிரியர் அறவாழியின் பெயர் வெளிநாடுகளிலும் தெரிந்திருந்தது. அதற்கு ஒரே ஓர் அதிர்வுதான் காரணம்.

மிகக் குறுகிய லேசர் ஒளியால் ஒரு திரவத்தைத் தட்டினால் அதன் மூலக்கூறுகள் அதிரும். தட்டிய வேகத்திலேயே அடங்கியும் விடும். அசிட்டோன் என்ற திரவத்தில் மட்டும் ஓர் அதிர்வு அடங்காமல் நீடிக்கிறது என்று அவர் கண்டு சொல்லியிருந்தார். ஏன் நீடிக்கிறது என்று விளக்குவதுதான் அவருடைய மாணவி ஜெசிந்தாவின் ஆய்வு.

ஒருநாள் அவள் அளவீட்டை ஓடவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது, அசிட்டோனை அடைத்து வைத்திருந்த இரண்டு படிகத் தகடுகளுக்கும் நடுவே எதுவும் இல்லை. விளிம்பில் கசிந்து முழுவதும் ஆவியாகியிருந்தது. கணினித் திரையில் அந்த அதிர்வு மட்டும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

இத்தனை வருஷமும் படிகம் அதிர்ந்ததைத்தான் திரவம் என்று எழுதியிருக்கிறோம் என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவரிடம் போய்ச் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

அறவாழி கோபப்படவில்லை. தானே வந்து தகடுகளைத் துடைத்து, வெறுமனே வைத்து அளந்தார். புதிய தகடுகளை மாற்றியும் அளந்தார். இரண்டிலும் அதே அதிர்வு வந்தது. பிறகு லேசரை அணைத்தார்.

"தகடே இல்லாம, திரவத்தை மட்டும் தாரையா விழவிட்டு அளந்திருக்கலாமே சார். அது யாருக்குமே தோணலையா?"

"துரைக்கண்ணுவுக்குத் தோணிச்சு."

அவளுக்கு முன்பு அங்கே ஆய்வு செய்தவன் அவன். தாரையில் அந்த அதிர்வு வரவில்லை என்று வந்து சொன்னான். உனக்குக் கை சரியில்லை, ஒளியை நேராக்கக்கூடத் தெரியவில்லை என்று மற்றவர்கள் முன்னால் அறவாழி சொல்லிவிட்டார். அவன் திரும்பத் திரும்ப அளந்தான். வரவில்லை. கடைசியில் ஆய்வையே விட்டுப் போய்விட்டான். இப்போது திண்டிவனத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறான்.

"அவர்கிட்ட சொல்லணும் சார்" என்றாள் ஜெசிந்தா.

அறவாழி பழைய மாணவர் ஒருவரிடம் எண்ணைக் கேட்டு வாங்கி, அவள் முன்னாலேயே அழைத்தார். யார் பேசுவது என்று சொல்ல வேண்டியிருந்தது. நீ அளந்ததுதான் சரி, தவறு என்னுடையது, அதை அப்படியே எழுதி வெளியிடப் போகிறேன், உன் பெயர்தான் முதலில் வரும் என்றார். மறுமுனையில் பிள்ளைகள் சேர்ந்து எதையோ ஒப்பிக்கும் சத்தம் அவளுக்கும் கேட்டது. துரைக்கண்ணு சுருக்கமாக ஏதோ சொன்னான். அறவாழி சரி என்றார். போனை மேசைமேல் வைத்தார்.

"சந்தோஷப்பட்டாரா சார்?"

"பேர் போட வேணாம்னான். அப்புறம், அவனுக்கு அது அன்னைக்கே தெரியும்னான்."