மஞ்சள் தடவின மூணு சாவி

மூணு பேரு, ஒரு பரிசுன்னு ஆரம்பிச்சாலே ராஜகுமாரி வருவான்னு நிமிர்ந்து உட்கார்றீங்க பாருங்க, அந்த அழகே தனி! சாஞ்சுக்குங்க. ராஜகுமாரி கெடையாது. வேளச்சேரியில ரெண்டு பெட்ரூம் வீடு. தண்ணி இருபத்துநாலு மணி நேரமும் வரும்னு விளம்பரத்துல போட்டிருந்துச்சு. இப்பச் சொல்லுங்க, ராஜகுமாரி பெருசா, இது பெருசா?

செண்பகவல்லி பிளவுஸ் தைக்கிறவ. குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஆனி முடிய எட்டே நாள். ஆடி பொறந்துட்டா யாரு வீடு மாறுவா? செல்போனைத் தேய் தேய்னு தேய்ச்சதுல இந்த விளம்பரம் மாட்டுச்சு. அந்தத் தெருவுல கார் ஷெட்டுகூட அந்த வாடகைக்கு வராது. படத்துல ஜன்னலுக்கு வெளியே வரிசையா பைன் மரம்.

"வேளச்சேரியில ஏதுடி பைன் மரம்?"னு அவ புருஷன் லோகிதாசன் கேட்டான்.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அவ்வளவுதான். மரத்தைப் பத்தி அப்புறம் யாரும் பேசல.

போன் போட்டா, வீட்டுக்காரர் கப்பல்ல இன்ஜினியராம். குரல்ல அப்படியொரு பாசம். "தங்கச்சி... அண்ணன் நடுக்கடல்ல இருக்கேம்மா... கேக்குதா?" பின்னாடி அலைச் சத்தம் வேற. பக்கத்துல யாராவது போர்வை அலசியிருக்கணும்.

"வீட்டை ஒரு தடவை பார்த்துடுறேண்ணே."

"தாராளமாப் பாரு! ஆனா வெறுங்கையோடயா உள்ள போவே? எங்கம்மா ஆசையாக் கட்டின வீடும்மா. மொதல்ல உள்ள போறது பாலாத்தான் இருக்கணும். ஆனி கடைசி வெள்ளி, ஒம்பதரைல இருந்து பத்தரைக்குள்ள காய்ச்சிடு. சாவி கூரியர்ல வரும். அட்வான்ஸை மட்டும் இன்னிக்கே போட்டுடு, இன்னும் நாலு பேரு கேக்குறாங்க."

பார்க்காதேன்னு சொல்லியிருந்தா சந்தேகப்பட்டிருப்பா. பாலோட வந்து பாருன்னான். யாரு மறுத்துப் பேசுவா? இருபது வருஷம் ஊக்கு வச்சு, காஜா எடுத்துச் சேர்த்ததை மொத்தமா அனுப்பிட்டா. அதுவே பாதி அட்வான்ஸுக்குத்தான் வந்துச்சு. ரெண்டு நாள்ல சாவி வந்துச்சு. மஞ்சள் தடவி, குங்குமம் வச்சு. கண்ணுல ஒத்திக்கிட்டா.

வெள்ளிக்கிழமை காலையில பழைய வீட்டைக் கூட்டி, சாவியை ஒப்படைச்சுட்டு, தையல் மெஷினை டெம்போ மேல ஏத்தி வந்து எறங்கினா. வாசல்ல ஈரம் காயாத கோலம்.

"பார்த்தீங்களா, அண்ணன் ஆளு வச்சுக் கோலம்கூடப் போட்டு வச்சிருக்காரு!"

கேட்டுல ஒரு பை தொங்குச்சு. உள்ள ரெண்டு பால் பாக்கெட்.

"பால்கூடவா! இப்படி ஒரு மனுஷனா!"

அப்ப ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. சொம்பும் கையுமா எறங்கினாரு தெய்வசிகாமணி. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர்.

"யாரும்மா நீ, எங்க வீட்டு வாசல்ல?"

"உங்க வீடா? பெரியவரே, தப்பான ஸ்டாப்புல எறங்கிட்டீங்க."

"முப்பது வருஷம் ஊருக்கே ஸ்டாப் சொன்னவம்மா நான்! எங்கிட்டயேவா?"

இந்த வாய்த்தகராறுக்கு நடுவுல ஒரு பைக். இளம்பரிதி, கல்யாணமாகி நாப்பது நாளு. பின்னாடி பொண்டாட்டி, மடியில புதுப் பித்தளைப் பானை. மூணு பேரும் ஆளுக்கொரு சாவியை எடுத்து நீட்டினாங்க. மூணுலயும் மஞ்சள், மூணுலயும் குங்குமம்.

"நான்தாங்க மொதல்ல பணம் போட்டேன்"னா செண்பகவல்லி. "தேதி பாருங்க."

"எங்கிட்ட அக்ரிமென்ட் இருக்கு. முத்திரைத்தாள்ல, கையெழுத்தோட"ன்னாரு பெரியவர். வாட்சப்ல வந்ததைக் கலர் பிரின்ட் போட்டு லேமினேஷனே பண்ணியிருந்தாரு.

"நீங்கள்லாம் பாதி பாதி. நான் பத்து மாச அட்வான்ஸும் முழுசாக் கட்டிட்டேன் சார்"னான் பையன்.

கத்தினாங்களே தவிர, ஒருத்தரும் சாவியைக் கதவுல வைக்கல. நல்ல நேரம் பொறக்கணுமே! மூணு பேரும் செல்போனையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. மணி ஒம்பதரை ஆச்சு. மூணு கையும் ஒண்ணா ஒரே சாவித் துவாரத்துக்குப் பாஞ்சுது.

கதையை இங்கேயே பிடிச்சு நிறுத்துறேன். மொதல்ல கட்டினவ ஒருத்தி, காகிதம் வச்சிருக்கிறவர் ஒருத்தர், முழுசாக் கட்டினவன் ஒருத்தன். நான் எதையும் மறைக்கல. இப்பச் சொல்லுங்க, அந்தக் கதவுல மொதல் சாவியைப் போடுற உரிமை இவங்கள்ல யாருக்கு?

யோசிச்சாச்சா? ஒருத்தருக்கும் கெடையாது. ஈரக் கோலமும் கேட்டுல பாலும் இருக்கிற வீடு காலி வீடாங்க? வாடகை ரொம்பக் கம்மி, அட்வான்ஸ் உடனே வேணும், வீட்டை மட்டும் அப்புறம் பாருங்கன்னு எவன் சொன்னாலும், காசு போறதுக்கு முன்னாடி நாம போயி அக்கம்பக்கத்துல கேட்டிருக்கணும். பாலை அப்புறம் கொண்டுபோய்க்கலாம். சாவி உள்ள போறதுக்குள்ள கதவு தானாத் தெறந்துச்சு. அங்க பதினோரு வருஷமாக் குடியிருக்கிற மனுஷன், வாயில பேஸ்ட் நுரையோட, பால் பையை எடுக்க வந்தாரு. மூணு சாவியையும் பார்த்தாரு. வழியை மறிச்சு நின்னாரு.

செண்பகவல்லி கப்பல்காரனுக்குப் போன் போட்டா. அந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு ஒரு பொம்பளைக் குரல் மரியாதையாச் சொல்லுச்சு. டெம்போ டிரைவர் எஞ்சினை ஆஃப் பண்ணலாமா, வேணாமான்னு லோகிதாசனைப் பார்த்தான். லோகிதாசன் தரையைப் பார்த்தான்.

"அழுவாதம்மா"ன்னாரு தெய்வசிகாமணி. "நேரா ஸ்டேஷனுக்குப் போவோம். மூணு பேரு எழுதிக் குடுத்தா ஒரே வாரத்துல பணம் திரும்பி வந்துடும்."

அந்த வீட்டுத் துணியை வாங்க வந்த இஸ்திரிக்காரர் பாவம், வாய் சும்மா இருக்கலை.

"போன மாசம் பாலோட வந்தவங்களும் இப்படித்தாங்க சொல்லிட்டுப் போனாங்க. இன்னும் வாரா வாரம் வந்து, எதுனா தகவல் உண்டான்னு என்னைத்தான் கேக்குறாங்க."