நாலாகப் பெருகிய கல்யாணம்

ஆலங்குறிச்சி பஸ் ஸ்டாண்டு மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்திய மூன்று நல்லவர்களின் கதை இது. நல்லவர்கள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். மூளையைப் பங்கு வைக்கும்போது மட்டும் சாமிக்கு வேறு ஏதோ வேலை வந்துவிட்டது.

மூத்தவர் நயினார். அடுத்தவர் கோமதிநாயகம். இளையவர் தாணுமூர்த்தி.

ஊர்க் கல்யாண மண்டபத்துக்காரர் இவர்களை நம்பி, கல்யாணப் பதிவுக்கு ஒரு ப்ரோகிராம் எழுதும் வேலையைக் கொடுத்தார். "எத்தனை கல்யாணம் வந்தாலும் தாங்கணும். பதிவு பண்ணினதும் சமையல்காரர், மேளக்காரர், ஐயர், மணவறை ஜோடிக்கிறவர் எல்லாருக்கும் தானா சேதி போயிடணும்."

எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்று மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச மொழின்னா எல்லாரும் தப்புக் கண்டுபிடிப்பாங்கண்ணே. யாருக்குமே தெரியாததா எடுப்போம்" என்றார் கோமதிநாயகம்.

அப்படித் தேடிப் பிடித்ததுதான் லூமா. அதைச் சொல்லிக்கொடுக்கக் கோயம்புத்தூரில் ஒரே ஒரு வாத்தியார் இருந்தார். "இதுக்கு ஒரே விதிதான். ஒருமுறை எழுதினதை மாத்தக் கூடாது. மாற்றம் வந்தா பக்கத்துல புதுசா ஒண்ணு உண்டாக்குங்க. பழசைத் தொடவே தொடாதீங்க" என்றார். மூவரும் தீபாராதனை பார்ப்பதுபோல் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்கள்.

முதல் பதிவு தெய்வானை அம்மாளுடையது. தனியாளாக வளர்த்த ஒரே மகள் மீனலோசனிக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்குள் முகூர்த்தம். அது தப்பினால், மாப்பிள்ளை அன்றைக்கே கப்பல் வேலைக்குப் போய்விடுவார், திரும்ப ஒரு வருஷம் ஆகும்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் போன் செய்தார். "தம்பி, முந்நூறு பேர்னு சொன்னேன். நானூறாக்கிடுங்க."

"மாத்தக் கூடாதே" என்று நயினார் யோசித்து, பக்கத்தில் நானூறு பேருக்குப் புதிதாக ஒரு கல்யாணத்தை உண்டாக்கினார்.

மறுபடி போன். "பருப்புப் பாயசம் வேண்டாம்ப்பா, சேமியா போதும்." சேமியாவோடு இன்னொரு கல்யாணம் பிறந்தது.

கடைசியாக, "மாப்பிள்ளை இனிஷியல் தப்பா இருக்கு தம்பி. கே. உலகநாதன் இல்ல, பி. உலகநாதன்."

இதற்குத்தான் பெரிய விவாதம் நடந்தது.

"அப்போ பழைய மாப்பிள்ளையை என்னண்ணே பண்றது?" என்று கேட்டார் தாணுமூர்த்தி.

"தொடாதடா! அவர் பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் நயினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மண்டபத்தில் நாலு மணவறை, ரயில் பெட்டி மாதிரி வரிசையாக. நாலு மேளம் நாலு ராகம் வாசித்தது. நாலு ஐயர்களும் மாப்பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"கல்யாணம் ஒண்ணுதாம்ப்பா! ஐயோ, நேரம் போகுதே!" என்று தெய்வானை அம்மாள் கதறினார்.

நயினார் நிதானமாகச் சொன்னார். "பதறாதீங்கம்மா. நாலு மணவறையிலும் அரைமணி அரைமணி நேரம் உட்காரட்டும்."

"அதுக்குள்ள முகூர்த்தம் போயிடும்டா!"

"முகூர்த்தத்தை மாத்த முடியாதும்மா. வேணும்னா புதுசா ஒண்ணு..."

அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. "தாயே, நீதான் துணை" என்று சொல்லி, மாப்பிள்ளை கையை வெடுக்கென்று பிடுங்கி, முதலில் கண்ணில் பட்ட மணவறையில் உட்கார வைத்தார். அம்மன் கண் திறந்தாள். ஒன்பதுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது. அந்தத் தாய் அழுத அழுகையில் நாலு மேளமும் ஒரே நேரத்தில் கெட்டிமேளம் கொட்டிவிட்டது.

மிச்ச மூன்று ஐயர்கள் மட்டும் நகரவில்லை. "எங்க மாப்பிள்ளை கே. உலகநாதன் எங்கே?" என்று போனைக் காட்டிக் கேட்டார்கள்.

"தாணுமூர்த்தி கூட்டிட்டு வர்றான், உட்காருங்க" என்றார் நயினார்.

சொன்னபடியே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து ரிட்டயர்டு தாசில்தார் கே. உலகநாதன் இறங்கினார். கழுத்தில் மாலை, கையில் பேரப்பிள்ளை. கூடவே அவர் மனைவி மரகதம்.

"ஏம்ப்பா, எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆச்சே!" என்றார் மரகதம்.

நயினார் பணிவாகக் கைகூப்பினார்.

"கவலையே படாதீங்கம்மா. அதை நாங்க தொடவே மாட்டோம், அது அப்படியே இருக்கும். இது பக்கத்துல புதுசா ஒரு மூணு."