யானை வழக்குக்கு வக்கீல் பிடித்த காத்தாயி

முன்னொரு காலத்தில் கொன்றைமாநகரைச் சண்டப்பிரசண்ட பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் காலையில் எந்தப் பக்கமாகப் புரண்டு எழுந்தாரோ, அன்றைக்கு அதுதான் சட்டம். முப்பது வருஷம் மந்திரியாக இருந்த தாண்டவராயரை, சபையில் தும்மினார் என்பதற்காக ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அந்த ராஜாவின் பட்டத்து யானை சிங்காரத்துக்கு ஒருநாள் வயிற்றுவலி வந்தது. உடனே ஆணை பறந்தது. யானை தேறும்வரை ராஜா உட்பட அரண்மனையில் ஒருவர் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படக் கூடாது. யானை முனகினால் சபையே சேர்ந்து முனக வேண்டும்.

யானைக்கொட்டில் அதிகாரி விருதுமாறன் நன்றாக முனகிக்கொண்டே ராஜாவிடம் போனான். "மகாராஜா! காத்தாயியின் வெற்றிலைக் கொடிக்காலில் மேய்ந்த பிறகுதான் இந்த வலி. அவள் வெற்றிலையில் விஷம்!"

காத்தாயிக்கு அந்தக் கொடிக்காலைத் தவிர வேறு ஜீவனம் கிடையாது. பக்கத்துப் பலாத்தோப்பு விருதுமாறனுடையது. ராஜா தினமும் காத்தாயியின் வெற்றிலையைப் போட்டு ஆகா ஓகோ என்பார். அவன் பலாச்சுளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவனுக்கு யானையின் வலியைவிடப் பெரிது.

"மூன்றாம் நாள் விசாரணை. தோற்றால் கொடிக்கால் யானைக்குச் சொந்தம். பட்டயத்தில் கைநாட்டுக்குப் பதில் சிங்காரமே கால் வைக்கும்" என்றார் ராஜா.

காத்தாயி வக்கீல் தேடிக் கிளம்பினாள். அந்தக் காலத்தில் அவர்களுக்கு வேறு பெயர். நமக்கு வக்கீல் என்றால்தான் புரியும். முதலில் பார்த்தவர், அவள் வாயைத் திறக்குமுன்பே "ஜெயிச்சாச்சு, போ!" என்றார். "என்ன வழக்குன்னே நான் சொல்லலியே, சாமி?" என்றாள். "எதுவா இருந்தா என்ன?" என்றார் அவர். காத்தாயி வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அடுத்து, வேலை போன பிறகு வக்கீலாகிவிட்ட தாண்டவராயர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா யானை வழக்கு நடத்தியிருக்கீகளா?"

"ரெண்டு நடத்தியிருக்கேன் தாயி. ஒண்ணு ஜெயிச்சது, ஒண்ணு தோத்தது."

"ஏன் தோத்தது?"

"கட்சிக்காரன் ஒரு விஷயத்தை என்கிட்டயே மறைச்சுட்டான்."

தோற்றதையும் மறைக்காமல் சொல்கிறாரே, இவர்தான் நம்ம ஆள் என்று அவளுக்குப் பட்டது.

"நாளைக் காலையில வா. நடந்ததை வரிசையா யோசிச்சு வை. வழக்கைத் தொட்ட பொருள் ஒண்ணையும் விட்டுடாதே. வெட்கமான சங்கதி இருந்தா அதை முதல்ல சொல்லு" என்றார் அவர்.

மறுநாள் அவர் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ஒடிந்த கொடிகள், பிய்ந்த வேலிப்படல், யானையின் காலடித் தடத்தோடு பெயர்த்த மண், எல்லாம் இறங்கின. பின்னால் ஒரு திருஷ்டிபொம்மை இறங்கியது.

"இது யாரு?"

"சாட்சிங்க. அந்த நேரத்துல அங்க இருந்தது இது ஒண்ணுதான்."

"இந்த மூடின கூடை?"

"யானை போட்டுட்டுப் போனதுங்க."

தாண்டவராயர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு குச்சியால் கிளறினார். உள்ளே அறுபது எழுபது பலாக்கொட்டைகள்! அவருக்குச் சிரிப்பு வந்தது. "வேற ஏதாவது உண்டா?"

காத்தாயி தலையைக் குனிந்தாள். பிறகு கண் கலங்கிச் சொன்னாள்: "விளக்குமாத்தால மூணு போடு போட்டேன் சாமி."

பட்டத்து யானையை அடித்தால் கையை எடுத்துவிடுவார்கள். தாண்டவராயர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஆனாலும், "நல்லவேளை சொன்னே. விளக்குமாத்தையும் எடுத்துக்க" என்றார்.

விசாரணை நாள். விருதுமாறன் ரகசியமாக ஒன்றை வைத்துக்கொண்டு மீசையை முறுக்கி நின்றான். அவன் வாயைத் திறக்குமுன் தாண்டவராயர் எழுந்தார்.

"மகாராஜா, என் கட்சிக்காரி யானையை விளக்குமாற்றால் மூன்று முறை அடித்தாள். இதோ விளக்குமாறு."

விருதுமாறனின் மீசை தொங்கிவிட்டது. தோப்புக்குள் ஒளிந்து பார்த்து அவன் வைத்திருந்த ஒரே அம்பு அதுதான்.

"ஏன் அடித்தாய்?" என்று ராஜா கர்ஜித்தார்.

காத்தாயி கைகூப்பினாள். "மகாராஜா போடுற வெத்திலையைத் தின்னுச்சுங்க. யார் தின்னாலும் அடிப்பேனுங்க."

ராஜா முகம் மலர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து யானை முனகியது. சபை முழுக்க எழுந்து நின்று முனகி முடித்தது.

தாண்டவராயர் கூடையைத் திறந்தார். ராஜா மூக்கைப் பொத்தினார். "யானை கொடிக்காலில் விட்டுப்போனது இது. உள்ளே பலாக்கொட்டை. வெற்றிலைக்கொடியில் பலா காய்க்காது. யாரோ முன்பே பழத்தைத் திணித்து, வலி வந்த யானையை அங்கே அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். எந்தத் தோப்புப் பழமோ தெரியவில்லை. ஆனால் கொட்டையைப் பார்த்தாலே தெரிகிறது, சப்பென்ற மட்டரகம். மாடுகூட முகர்ந்து பார்க்காது."

"மட்டரகமா?" விருதுமாறன் துள்ளி எழுந்தான். "என் தோப்புப் பழமய்யா அது! தேன் சொட்டும்! நாற்பது பழத்தையும் சிங்காரம் கேட்டுக் கேட்டுத் தின்றது!"

விருதுமாறன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். என்ன பிரயோஜனம்?

ராஜா தீர்ப்புச் சொன்னார். கொடிக்கால் காத்தாயிக்கே. அதிகாரி வேலை போன விருதுமாறன் அதே விளக்குமாற்றால் யானைக்கொட்டிலைக் கூட்ட வேண்டும். திருஷ்டிபொம்மை மேற்பார்வை பார்க்கும். தாண்டவராயர் மறுபடியும் மந்திரி. தும்மவும் அனுமதி உண்டு.

பிறகு ராஜா குரலைத் தாழ்த்தினார். "மந்திரியாரே, எனக்கு ஒரு வழக்கு வந்தாலும் நடத்துவீரா?"

"நடத்துவேன் மகாராஜா. வெட்கமான சங்கதியை முதலில் சொல்ல வேண்டும்."

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். மந்திரியார் காதருகே குனிந்தார். "மூன்று நாளும் திரைக்குப் பின்னால் நான் நன்றாகச் சாப்பிட்டேன், ஐயா."

பக்கத்தில் நின்ற காத்தாயி காதிலும் அது விழுந்தது. கூடையை மூடிக்கொண்டு, ஒன்றுமே கேட்காதவள்போல அவள் வண்டி ஏறினாள். மறுநாள் ராஜாவுக்கு வழக்கத்தைவிட இரண்டு கவுளி வெற்றிலை அதிகமாகப் போயிற்று, செரிமானத்துக்கு.