காம்பு விடாத பழம்

“இன்னைக்கும் காம்பு விடலைம்மா,” என்றார் வைத்திலிங்கம்.

அவர் மடத்தின் சமையற்காரர், வயது அறுபத்தொன்று. அவர் ‘அம்மா’ என்றழைத்த குரு அமிர்தவல்லிக்கு முப்பத்தெட்டு.

ஆறு மாதங்களுக்கு முன் ஒரு கல்யாண விருந்தில் கெட்ட உணவு உண்டு வைத்திலிங்கத்தின் மனைவி இறந்தாள். அதே பந்தியில் உண்ட அவர் பிழைத்தார். அன்றுமுதல் எதை வாயருகே கொண்டுபோனாலும் தொண்டை அடைத்துக்கொண்டது. கஞ்சித் தண்ணீர் மட்டுமே இறங்கியது. இப்படியே போனால் இந்தக் கோடையைத் தாண்டமாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

பயம் எப்போது போகும் என்று கேட்டவருக்கு, தோட்டத்தில் கிர்ணிப்பழத்துக்கு உறவான தேன்முலாம்பழக் கொடியைக் காட்டி, “பழுத்ததும் சாப்பிடுங்க” என்று மட்டுமே குரு சொல்லியிருந்தார்.

“பழுத்திருக்கா?” என்று கேட்டார் குரு.

“மணக்குதும்மா. பச்சை போய்த் தோல் வெண்ணெய் நிறமாயிடுச்சு.”

“அதுல என்ன இருக்கு?”

சமையற்காரரின் முகத்தில் களை வந்தது.

“நூத்துக்குத் தொண்ணூறு பங்கு தண்ணி. வெயிலுக்கு உடம்பு வத்தாது. பொட்டாசியம் இருக்கு, வைட்டமின் சி இருக்கு. துண்டு போட்டு உப்பும் மிளகும் தூவலாம். மோர்ல அடிச்சு இஞ்சி சேர்க்கலாம். காயா இருந்தா கூட்டு. விதையைக்கூட வறுத்து…”

“ஊருக்கெல்லாம் பந்தி வைக்கிறீங்க. உங்க இலைதான் காலி.”

வைத்திலிங்கம் தலைகுனிந்தார்.

“கிர்ணிப்பழம் பழுத்தா காம்பு தானா விட்டுடும். இதுவும் விடட்டும், அப்புறம் சாப்பிடலாம்னு…”

“எத்தனை நாளா?”

“பன்னிரண்டு நாளா தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.”

குரு எழுந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். வைத்திலிங்கம் பின்னால் நடந்தார்.

கொடியில் இரண்டு பழங்கள் கிடந்தன. முன்னதாகப் பழுத்ததைக் குரு காலால் புரட்டினார். அடிப்பக்கம் அழுகி ஒழுகியது. எறும்பு மொய்த்தது. அந்த நாற்றத்தில் வைத்திலிங்கத்துக்குப் பந்தியும் மனைவியின் முகமும் கண்முன் வந்தன.

“இழுத்துப் பாருங்க.”

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். கொடிதான் கூடவே வந்தது.

“அழுகியும் விடலையே!”

“இந்த ஜாதி விடாது பெரியவரே. அறுத்தாத்தான் உண்டு.”

குரு அழுகாத மற்ற பழத்தைக் காட்டிக் கத்தியை நீட்டினார்.

வைத்திலிங்கம் வாங்கினார்.

“பயம் போகலையேம்மா. கை நடுங்குதே.”

“அப்போ சின்னத் துண்டா அறுங்க.”