கைநாட்டு செல்லாது

நிலோபர் டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வக்கீல் ஆபீஸிலேயே ஊராட்சி உறுப்பினரான பெண்களுக்குச் சட்டம் படிக்கச் சொல்லிக்கொடுப்பார். டீச்சருக்கு முப்பது வயதுதான். மாணவிகளில் மூத்தவளான மரகதத்துக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது.

மரகதம் ஒருநாள் வகுப்பில்லாத வேளையில் வந்து நின்றாள்.

"டீச்சர், கைநாட்டு செல்லாதுன்னு சட்டத்துல எங்க போட்டிருக்கு? அந்தப் பக்கம் மட்டும் எனக்கு வேணும்."

"எதுக்குக்கா?"

மரகதம் சொன்னாள். வார்டு தேர்தலில் அவளை எதிர்த்து நின்றவள் பேச்சித்தாய். எழுதப் படிக்கத் தெரியாதவள். வேட்புமனுவில் அதிகாரிக்கு எதிரிலேயே கட்டைவிரலை உருட்டி வைத்தாள். கைநாட்டு செல்லாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். மரகதம் போட்டியில்லாமல் உறுப்பினர் ஆனாள்.

"இப்ப கேஸ் போடப் போறாளாம். போடணும்னா இன்னும் ஒரு வாரந்தான் கெடு. அதுக்குள்ள அந்தப் பக்கத்தை மூஞ்சிக்கு நேரே காட்டிட்டா அடங்கிருவா. பேரை எழுதத் தெரியாதவளுக்கு மெம்பர் ஆசை."

இத்தனை வருடமும் ஊருக்கு அவள் கொத்தனார் பெண்டாட்டி. இந்த ஒரு மாதமாகத்தான் மரகதம். பதவி போனால் பெயரும் கூடவே போய்விடும் என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"செல்லாதுன்னு யாரு சொன்னாக்கா?"

"ஆபீஸ் கிளார்க்கு."

"அவருக்கு யார் சொன்னா?"

மரகதம் பையிலிருந்து ஒரு தேர்தல் வழிகாட்டியை எடுத்து நீட்டினாள். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியது. "இதுல இருக்கே. வேட்பாளர் கையெழுத்து அவசியம்னு."

டீச்சர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "பின்னட்டையில பல்பொடி விளம்பரம் இருக்கு. அதுவும் சட்டமாக்கா?"

மரகதத்துக்குச் சுருக்கென்றது. "படிச்சவங்க எழுதினதுதானே."

"படிச்சவங்க எழுதினது இது. அரசாங்கம் போட்ட விதி அரசிதழ்ல இருக்கு. மாவட்ட நூலகத்து மாடியில வருஷவாரியா கட்டி வச்சிருக்காங்க." ஒரு சீட்டில் வருடத்தையும் விதி எண்ணையும் குறித்துக் கொடுத்தார். "அதுக்கப்புறம் திருத்தம் ஏதும் வந்திருக்கான்னும் பாருங்க. நீங்களே படிங்க."

மறுநாளே மரகதம் போனாள். நூலகர் தூசி தட்டி எடுத்துக் கொடுத்த கனத்த கட்டைப் பிரித்து, வரிகளில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஏழாவதோடு நின்ற படிப்பு. ஆனாலும் புரிந்தது. கையெழுத்திடத் தெரியாதவர் அதிகாரியின் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைக்கலாம். அதிகாரி அதற்குச் சான்று எழுத வேண்டும்.

அடுத்த வரியில் ஓர் 'ஆனால்' வரும் என்று பார்த்தாள். வரவில்லை. திருத்தமாவது வந்திருக்கும் என்று மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு அடுத்தடுத்த வருடங்களைப் புரட்டினாள். வகுப்பில் ஒருநாளும் அவள் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. ஒரு திருத்தமும் இல்லை.

"ஜெராக்ஸ் போடணுமாம்மா?" என்றார் நூலகர்.

"வேண்டாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே டீச்சரிடம் போனாள்.

"கிடைச்சுதாக்கா?"

"இல்ல டீச்சர். அந்த வருஷத்துக் கட்டே அங்க இல்லை. கரையான் அரிச்சிருக்கும்."

டீச்சர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நேத்துப் பேச்சித்தாய் வந்திருந்தாங்க."

"இங்கயா? எதுக்கு?"

"நீங்க கேட்டதைத்தான் அவங்களும் கேட்டாங்க. உங்களுக்குக் கொடுத்த மாதிரியே சீட்டு எழுதிக் கொடுத்தேன்."

"அதை வச்சு அவ என்ன செய்வா? ஒரு எழுத்துத் தெரியாதே அவளுக்கு."

"அதைத்தான் சொல்லி அழுதாங்க. கூட வந்து, உள்ளதை உள்ளபடி படிச்சுச் சொல்ல ஒரு ஆளு வேணும்னாங்க."

"யாரை அனுப்புறீங்க?"

டீச்சர் கடைசி நாற்காலியையும் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுக்கு வந்து நிப்பாங்க. உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்."