தொண்ணூற்றெட்டு அட்டைகள்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். இது விமானம் ஓட்டுகிறவர்கள் கதை. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை இரைச்சலிலேயே போய்விடும்.

இரண்டு விமானக் கம்பெனி இருந்தது. பழைய கம்பெனிக்கு வால் நீலம், புதுக் கம்பெனிக்கு வால் மஞ்சள். தனித்தனியாக நொண்டிக்கொண்டிருந்த இரண்டும் ஒருநாள் சேர்ந்து ஒன்றாயின. முதலாளிகள் கை குலுக்கிப் படம் பிடித்துக்கொண்டார்கள். வம்பு வந்தது விமானிகளுக்கு.

நீலத்தில் அறுபது பேர், மஞ்சளில் முப்பத்தெட்டுப் பேர். அத்தனை பேரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். முன்னால் நிற்கிறவனுக்குத்தான் இடப்பக்க நாற்காலி, அதாவது கேப்டன் நாற்காலி. புதுக் கணக்குப்படி அது மொத்தம் நாற்பதுதான்.

திருமாறன் நீலச் சங்கத்துச் செயலாளர். நாற்பத்துநாலு வயது. பதினெட்டு வருஷமாக வலப்பக்கம் உட்கார்ந்து துணை விமானியாகவே ஓட்டுகிறான். அடுத்த மாதம் அவனுக்குக் கேப்டன் முறை. தோளில் குத்த நாலு கோட்டுப் பட்டை வாங்கி பீரோவில் வைத்தாயிற்று. அதற்குள் கல்யாணம் நடந்துவிட்டது, கம்பெனிகளுக்கு.

மஞ்சள் சங்கத்துத் தலைவர் கேப்டன் கஸ்பார், தூத்துக்குடிக்காரர், அறுபத்திரண்டு வயது. பட்டாளத்திலும் வெளிநாட்டிலும் ஓட்டிவிட்டு, மஞ்சளில் சேர்ந்து எட்டே வருஷம். சேர்ந்த அன்றே கேப்டன்.

சேர்ந்த தேதிப்படி வரிசை போடு என்றது நீலம். போட்டால் கஸ்பார் எழுபத்தொன்றாவது ஆள், நாற்காலி போய்விடும். பதவிப்படி போடு என்றது மஞ்சள். போட்டால் மஞ்சளின் முப்பது வயதுக் கேப்டன்கள் எல்லாம் திருமாறனுக்கு முன்னால் போய் நின்றுகொள்வார்கள்.

மூன்று மாதம் பேசினார்கள். மேஜை உடையாததுதான் பாக்கி. கடைசியில் கம்பெனி தாக்கீது அனுப்பியது: நாளை மறுநாள் காலை பத்து மணிக்குள் இரண்டு சங்கமும் கையெழுத்துப் போட்ட ஒரே பட்டியல் வரவேண்டும். வராவிட்டால் கம்பெனியே போட்டுக்கொள்ளும். கம்பெனி போட்டால் வாய் திறக்காதவன் முன்னால் நிற்பான், சங்கம் பேசினவன் வாலில் தொங்குவான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

சண்டைக்காரர்கள் இருவரும் ஒத்துக்கொண்ட பெயர் ஒன்றே ஒன்று. மரகதவல்லி. முப்பத்துநாலு வருஷம் விமான நிலையக் கோபுரத்தில் இருந்து விமானங்களை இறக்கிவிட்டவர். அவர் முகம் தெரியாத விமானி உண்டு, குரல் தெரியாத விமானி கிடையாது. திருமாறனுக்கோ அவர் குரு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு மழை நாளில் அவன் விமானத்தை அந்தக் குரல்தான் தரைக்குக் கொண்டுவந்தது. மறுநாள் இனிப்போடு போய் நின்றான். “இனிப்பெல்லாம் வேணாம். காதை மட்டும் கொண்டு வா” என்றார். அன்றிலிருந்து குழப்பம் வந்தால் அங்கே போவான்.

பொழிச்சலூரில் அவர் வீடு. விமானங்கள் கூரையை உரசுகிற மாதிரி இறங்கும். ஒன்று வந்தால் அவர் ஒரு விரலைத் தூக்குவார். பேச்சு நிற்கும். இரைச்சல் போனதும் விட்ட இடத்தில் தொடரும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே இருவரையும் உட்கார வைத்து எழுதச் சொன்னார். சாணளவு நீளத்தில் காகித அட்டைகள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கோபுரத்தில் விமானத்துக்கு ஒன்று எழுதி, இறங்கும் வரிசைப்படி சாய்வுப் பலகையில் அடுக்குவார்கள். தூக்கிப் போட்ட பலகையையும் அட்டைகளையும் அவர் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். இப்போது ஆளுக்கு ஓர் அட்டை. தொண்ணூற்றெட்டு.

“மேல முதல்ல யாரை வைக்கறது?” என்றார்.

“எங்க ஆளை” என்றான் திருமாறன். “அவர்தான் முதல்ல வந்தவர்.”

“எங்க வந்தவர்?”

“கம்பெனிக்கு.”

“எந்தக் கம்பெனிக்கு? புதுசா ஆரம்பிச்ச கம்பெனிக்கு எல்லாரும் ஒரே நாள்தானே வந்தீங்க?”

கஸ்பார் தொடையைத் தட்டிச் சிரித்தார். “அப்படிக் கேளுங்க மேடம்.”

“நீங்க ஏன் சிரிக்கறீங்க? உங்க ஆளை எதுக்கு முன்னால வைக்கணும்?”

“ஏற்கெனவே கேப்டன்லா? மேல இருக்கவனைக் கீழ இறக்கலாமா?”

“மேல இருக்கறவங்களைக் கீழ இறக்கத்தான் எனக்கு முப்பத்துநாலு வருஷம் வேலை குடுத்தாங்க.”

திருமாறன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். கஸ்பார் பார்த்துவிட்டார்.

“தம்பி அரைக்கால் சட்டையோட அலையும்போதே நான் பட்டாளத்து விமானம் ஓட்டுனவன்.”

“ஓட்டிக்கிட்டே இருந்திருக்கலாமே சார். யாரு இங்க வரச் சொன்னா?”

மரகதவல்லி விரலைத் தூக்கினார். விமானம் ஒன்று போயிற்று. போன பிறகும் அவர் விரலை இறக்கவில்லை.

பிறகு எழுந்து போய், பழுத்துப்போன ஒன்பது அட்டைகளை எடுத்து வந்தார்.

“இது ஒரு சாயங்காலம். பேய் மழை. ஓடுபாதையை நாப்பது நிமிஷம் மூடிட்டோம். கிழக்கே அஞ்சு, மேற்கே நாலு, ஒம்பது விமானம் ஒண்ணுக்கு மேல ஒண்ணா வட்டம் போட்டுக்கிட்டு இருக்கு. மழை விட்டுது. இறங்கறதுக்கு ஒரே பாதை. மாறா, அடுக்கு.”

அட்டையில் வந்த நேரம் எழுதியிருந்தது. திருமாறன் கிழக்கு ஒன்று, மேற்கு ஒன்று என்று மளமளவென்று அடுக்கினான். ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் சின்னதாக ஒரு டிக் இருந்தது.

“இந்த டிக் எதுக்கு மேடம்?” என்றார் கஸ்பார்.

“நான் சொன்னதை விமானி திருப்பிச் சொல்லணும் இல்லையா? சொன்னா ஒரு டிக். சொல்லலைன்னா அவர் காதுல விழலைன்னு அர்த்தம்.”

கடைசியாக வந்த ஒன்பதாவது அட்டை திருமாறன் கையில் இருந்தது. அதை அடியில் வைக்கப் போனான்.

“வைக்கறதுக்கு முன்னாடி படி.”

படித்தான். விமான எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் பதினாறு.

அந்தப் பதினாறை ரேடியோவில் சொன்னதே அவன்தான். ஃப்யூயல் பதினாறு நிமிஷத்துக்குத்தான் இருக்கிறது என்று, வேலைக்குச் சேர்ந்த வருஷத்து அந்த மழை நாளில். அது அவன் விமானம்.

மெதுவாக அந்த அட்டையைத் தள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்.

“முன்னாடி இருந்த எட்டுப் பேரும் ஒண்ணும் சொல்லலையாம்மா?”

“ஏழு பேர் சரின்னாங்க. ஒருத்தர் மட்டும், நாந்தானே முதல்ல வந்தேன்னார். பதினாறுன்னு சொன்னேன். அப்புறம் அவரும் திருப்பிச் சொன்னார்.”

சிவப்புப் பென்சில்கள் இரண்டை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

“இப்ப உங்க தொண்ணூத்தெட்டுலயும் எழுதுங்க.”

“இதுல என்னத்தை எழுத?” என்றார் கஸ்பார்.

“அறுபத்தஞ்சு வயசானா எல்லாரும் வேலையை விட்டு இறங்கியாகணும். அதுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்குன்னு எழுதுங்க.”

எழுதினார்கள். கஸ்பார் தன் அட்டையில் மூன்று என்று எழுதினார். தன் பக்கத்து இளவட்டக் கேப்டன்கள் அட்டையில் முப்பத்துமூன்று, முப்பத்துநாலு என்று எழுத எழுத, அவர் பென்சில் வேகம் குறைந்தது.

அடுக்கும்போது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று நீலம், இரண்டு மஞ்சள் என்று மாறி மாறி வந்தன. தன் பக்கத்து வரிசைக்குள் யாரும் யாரையும் முந்தவில்லை, சிவப்பில் சின்ன எண் உள்ளவர்களைத் தவிர. கஸ்பாரின் அட்டை வந்ததும் அவர் கையை எடுத்துவிட்டார். தன் அட்டையைத் தானே நகர்த்த அவருக்குக் கூச்சம்.

திருமாறன் அதை எடுத்தான். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு பன்னிரண்டாவது இடத்தில் வைத்தான்.

கஸ்பார் அவன் முகத்தைப் பார்த்தார். தன் பக்கத்து முப்பது வயதுக் கேப்டன்களின் அட்டைகள் ஆறையும் எடுத்து, நாற்பதுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்.

“எங்க பயலுவ என்னைக் கடல்ல பிடிச்சுத் தள்ளிருவானுவ மேடம்.”

“தூத்துக்குடிக்காரருக்கு நீச்சல் தெரியாதா?”

மத்தியானத்துக்குள் பலகை நிறைந்தது. திருமாறன் தன் பெயரை மேலிருந்து எண்ணினான். நாற்பத்துமூன்று. இன்னொரு தடவை எண்ணினான். அதேதான். பீரோவில் இருக்கும் நாலு கோட்டுப் பட்டை ஞாபகத்துக்கு வந்தது.

“இன்னும் மூணு பேர் இறங்கணும்” என்றான், தனக்குத்தானே சொல்கிறமாதிரி.

கஸ்பார் மேல் அட்டைகளைப் பார்த்தார். “ரெண்டு பேருக்கு ரெண்டு வருஷம். அடுத்து நான். மூணே வருஷம்லே. அந்த நாற்காலி சூடு ஆறதுக்குள்ள வந்து உக்காந்துக்கோ.”

இருவரும் பட்டியலைப் படி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். திருமாறன் பேனாவை மூடவில்லை.

“அம்மா, அடுத்த மாசம் எனக்கு வரவேண்டியது. பதினெட்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். நான் எப்ப இறங்கறது?”

மரகதவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக் குரல் போய்க் கோபுரத்துக் குரல் வந்தது.

“ஃப்யூயல் எவ்வளவு?”

“இருபத்தோரு வருஷம்.”

“வானம் தெளிவா இருக்கு. இன்னொரு சுத்து சுத்திட்டு வா.”

திருமாறன் பேனாவை மூடினான். விமானம் ஒன்று தலைக்கு மேலே போயிற்று. இந்தத் தடவை அவர் விரலைத் தூக்கவில்லை. பென்சிலைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருப்பிச் சொல்லலையே” என்றார்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னொரு சுத்து” என்றான்.

மரகதவல்லி அவன் அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டார்.