ஒற்றை வடத்தில் ஓடிய தேர்

முன்னொரு காலத்தில் மூன்று சிறு நாட்டு அரசர்கள், வடக்கே இருந்த பெரும் பகைவன் ஒருவனைத் தோளோடு தோள் நின்று தடுத்துவந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் திடீரென்று போர் அலுத்துப்போயிற்று. நிம்மதியாகத் தூங்க ஆசை வந்தது. அவருடைய மந்திரி திருவேங்கடத்தார் இதுதான் சமயமென்று, மற்ற இருவருக்கும் தெரியாமல் பகைவனோடு தனிச் சமாதானம் பேசி முடித்தார். பகைவன் தன் சேனை முழுவதையும் அண்டை நாடுகள் மேல் திருப்பினான்.

அரசவை விகடகவி பஞ்சநதம் வாயை மூடிக்கொண்டு இருப்பானா? "அடுத்த வீடு எரிகையில், நம் கூரையை மட்டும் விட்டுவிடச் சொல்லி நெருப்பிடம் ஓலை வாங்கியிருக்கிறோம்" என்று சபையிலேயே சொல்லிவிட்டான். அன்று முதல் மந்திரிக்கு அவன்மேல் ஒரு கண்.

தேர்த்திருவிழா வந்தது. மூன்று நாட்டாரும் சேர்ந்து இழுக்கும் அந்தத் தேருக்கு மூன்று வடங்கள், நாட்டுக்கு ஒன்று. ஒரு நாட்டாரின் வடத்தை இன்னொருவர் தொடக் கூடாது. அண்டை நாட்டார் போர்க்களத்தில் இருந்தார்கள். சும்மா இருந்தாலும் வந்திருக்கமாட்டார்கள். தேர் நின்ற இடத்திலேயே நின்றது. மந்திரி அரசரின் காதைக் கடித்தார்.

அரசர் பஞ்சநதத்தை அழைத்து, "நம் வடம் ஒன்றைக்கொண்டே இன்று தேரை ஓட்டிக் காட்டு. இயலாதெனில் நாட்டைவிட்டுப் போ" என்றார்.

பெண்டாட்டி பிள்ளைகளோடு பஞ்சநதம் எங்கே போவான்? தேரைப் பார்த்தான், வீதியைப் பார்த்தான். முகம் தெளிந்தது. உத்தரவு என்று வணங்கினான்.

அந்நாட்டு வடம் வலது ஓரத்தில் இருந்தது. ஊரே திரண்டு அதை இழுத்தது. தேர் அசைந்தது, நகர்ந்தது, வலப்பக்கமாகவே திரும்பி, மந்திரியின் புது மாளிகை முகப்பை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. மந்திரி தலைநிறையச் சுண்ணாம்புப் பொடியோடு ஓடிவந்து நியாயம் கேட்டார்.

பஞ்சநதம் கைகட்டி நின்றான். "ஓட்டச் சொன்னீர்கள், ஓட்டிவிட்டேன் அரசே. ஒற்றை வடத்தை இழுத்தால் தேர் இழுத்தவர் வீட்டில்தான் வந்து முட்டும். இன்று மந்திரியார் மாளிகை. அண்டை நாடுகள் விழுந்தபின் பகைவன் நம் அரண்மனைக்கு வருவான். அன்று நம்மோடு வடம் பிடிக்க யார் இருப்பார்கள்?"

அரசர் மந்திரியின் வெள்ளைத் தலையைப் பார்த்துவிட்டார், சிரிப்பு அடங்கவில்லை. தம் முத்துமாலையைக் கழற்றிப் பஞ்சநதத்துக்கு அணிவித்தார். அன்றே சேனை அண்டை நாடுகளுக்குத் துணையாகப் புறப்பட்டது. கடைசியில் பகைவன் மூவரோடும் சேர்த்தே சமாதானம் செய்துகொண்டான்.

அதுவரை தேர் மாளிகைக்குள்ளேயே நின்றது. பிறகு மூன்று நாட்டாரும் கூடி வந்து அதை வெளியே இழுத்தார்கள். அன்று எல்லோருக்கும் முன்னால் வடம் பிடித்தவர் திருவேங்கடத்தார்தான்.